பேர்-மெட்டல் மெய்நிகராக்கம் என்று எதைச் சொல்லலாம்?

ஒரே கணினியில் பல இயங்குதளங்களைத் தனித்தனிக் கணினிகளைப் போல ஓடவைக்கும் மென்பொருளை ஹைப்பர்வைசர் என்கிறோம். அது வேறோர் இயங்குதளத்தின் தயவில் ஓடாமல் வன்பொருளின் மீது நேரடியாக அமர்ந்து, ப்ராசஸரையும் நினைவகத்தையும் தானே பங்கிட்டுக் கொடுக்குமானால், அதுவே பேர்-மெட்டல் மெய்நிகராக்கம். விஎம்வேர் இஎஸ்எக்ஸ்ஐ, ஸென் ஆகியவை இவ்வகை; விண்டோஸுக்குள் சாதாரண மென்பொருளாக நிறுவப்படும் விர்ச்சுவல்பாக்ஸ் இவ்வகையில் சேராது.

வீட்டு உரிமையாளரிடமே வாடகைக்கு இருப்பதற்கும், அங்கே குடியிருப்பவரிடம் உள்வாடகைக்கு இருப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. உள்வாடகையில் ஒவ்வொரு தேவைக்கும் இடையில் இருப்பவரைக் கேட்க வேண்டும். அவர் வெளியேறினால் நீங்களும் வெளியேற வேண்டியதுதான். அவ்வாறே, இடையிலுள்ள இயங்குதளம் முடங்கினால் அதன் மேல் ஓடும் மெய்நிகர் கணினிகள் அனைத்தும் முடங்கிவிடும். அந்த அடுக்கை நீக்குவதால் வேகமும் பாதுகாப்பும் கூடுகின்றன என்பதே சர்வர்களில் இம்முறை விரும்பப்படுவதற்கான காரணம்.

பலரைக் குழப்புவது மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்வைசரான ஹைப்பர்-வி. விண்டோஸில் ஒரு வசதியாக அதை இயக்குவதால் விண்டோஸின் மேல் ஓடுவதாகத் தோன்றுகிறது. உண்மையில், கணினியை மறுதொடக்கம் செய்ததும் ஹைப்பர்வைசர் அடியில் அமர்ந்துகொள்ள, நாம் பார்க்கும் விண்டோஸே அதன் மேல், சிறப்பு உரிமைகளுடன், இயங்குகிறது. ஆகவே அதுவும் பேர்-மெட்டல் வகையே.

பேர்-மெட்டல் சர்வர் என்று மேகக்கணினி நிறுவனங்கள் வாடகைக்குத் தருவதையும் இதையும் ஒன்றெனக் கருத வேண்டாம்: அங்கே முழு இயந்திரமும் ஒரே வாடிக்கையாளருக்கு, மெய்நிகராக்க அடுக்கு ஏதுமின்றி வழங்கப்படுகிறது.