ஜிபிஎஸ் சிக்னலை ஜாம் செய்வது ஏன் இவ்வளவு எளிது?

தூரம்தான் காரணம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் அலை நம் போனைத் தொடும்போது, ஒரு வாட்டில் கோடி கோடியில் ஒரு பங்குகூட மிஞ்சுவதில்லை. ஜிபிஎஸ் வரும் அதே 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் கருவி இரைச்சலைக் கிளப்பினால் போதும், இடி முழக்கத்துக்கு நடுவே கிசுகிசுத்த கதைதான்.

2012-ல் அமெரிக்காவின் நியூவார்க் விமான நிலையத்தில், விமானம் தரையிறங்க உதவும் ஜிபிஎஸ் அமைப்பு பாதிக்கப்பட்டது. தேடிப் பிடித்தால், முதலாளி தன் வண்டியைக் கண்காணிக்கக் கூடாதென்று ஓட்டுநர் ஒருவர் வைத்திருந்த ஜாமர்! கிட்டத்தட்ட 32,000 டாலர் அபராதத்துக்கு நோட்டீஸ் போனது.

என்னைக் கேட்டால் ஜாமிங்கூடப் பரவாயில்லை; சிக்னல் இல்லை என்று ரிசீவரே காட்டிக் கொடுத்துவிடும். ஸ்பூஃபிங்தான் வில்லங்கம். யாரோ அனுப்பும் போலி சிக்னலை நம்பி, ரிசீவர் தப்பான இடத்தைச் சரியானதுபோலக் காட்டும்.

ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, இந்தியாவின் நாவிக் என்று பல அமைப்புகளைச் சேர்த்துப் பயன்படுத்தலாம். ஆனால் பல அலைவரிசைகள் அருகருகே இருப்பதால், வலுவான ஜாமர் மொத்தமாக அடித்துவிடும். பெரிய விமானங்களில், தன் அசைவை அளந்தே இடத்தைக் கணக்கிடும் இனெர்ஷியல் கருவி தனியாக உண்டு. நேரம் ஆக ஆக அதில் பிழை சேரும். ஆனால் வெளியிலிருந்து எந்த சிக்னலையும் அது எதிர்பார்ப்பதில்லை.