“உங்களுக்குப் புரியாதுப்பா”

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். இன்ஜினியரிங் நுழைவுத்தேர்வான ஜேஇஇ மெயின் எழுதப் போகிறேன். கணக்கும் கெமிஸ்ட்ரியும் சமாளித்துவிடுகிறேன், பிசிக்ஸ்தான் உதைக்கிறது. போன மாதிரித் தேர்வில் 25 கேள்வியில் 22 எழுதினேன், 8தான் சரி. வீடியோவில் சார் போடும்போது எல்லாம் புரிகிறது, தனியாக உட்கார்ந்தால் ஒன்றும் ஓடுவதில்லை. மூன்று புத்தகம் வாங்கிவிட்டேன். நான்காவதாக எதை வாங்கலாம்? வீட்டில் பெரிய தொந்தரவு எதுவும் இல்லை. மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் வேலை பார்க்கும் அப்பா மட்டும் ராத்திரி வந்ததும், “இன்னைக்கு என்ன படிச்சே கண்ணு?” என்பார். “உங்களுக்குப் புரியாதுப்பா” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வேன்.
– மாணவி, கோவை மாவட்டம்

பதில்: நான்காவது புத்தகம் வேண்டாம். இருக்கிற மூன்றில் இரண்டைத் தூக்கிப் பரணில் போடு.

மதிப்பெண் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். சரியான 8க்கு நான்கு வீதம் 32. தப்பான 14க்கு ஒன்று வீதம் 14 போச்சு. மிச்சம் 18. அந்த 14ஐத் தொடாமல் விட்டிருந்தால் 32 அப்படியே நின்றிருக்கும். எண்ணை விடையாக எழுதும் 5 கேள்விகளிலும் தப்புக்கு ஒன்று கழிப்பார்கள், அங்கேயும் குருட்டாம்போக்கு கூடாது. இது உனக்குத் தெரியாததில்லை.

நான் பேச வந்தது உன் கடைசி வரியைப் பற்றி. வீட்டில் தொந்தரவு இல்லை என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே அப்பாவைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாய். அவருக்குப் புரியாது என்று உனக்கு யார் சொன்னது? ஒரு நாளாவது சொல்லிப் பார்த்தாயா? சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடுவோம் என்ற பயத்தில்தான் நீ கதவைச் சாத்துகிறாய் என்று எனக்குப் படுகிறது. வீடியோ பார்க்கும்போது புரிகிறது என்கிறாயே, அங்கே புரிந்திருப்பது சாருக்கு.

மின்காந்தத் தூண்டல் பாடத்தைத் திற. சூத்திரத்தில் N என்று ஓர் எழுத்து வருகிறதல்லவா, சுற்றுகளின் எண்ணிக்கை? அதை நீ மனப்பாடம் செய்கிறாய். உன் அப்பா விரலால் எண்ணுகிறார். எண்ணிக்கை தப்பினால் மோட்டார் அவரிடமே திரும்பி வரும். கம்பியின் கேஜ் மாறினால் என்ன ஆகும் என்று கேள். விட்டம் பாதியானால் மின்தடை 4 மடங்கு என்று நீ எழுதுவாய். மெல்லிசுக் கம்பி போட்டால் சூடேறிப் போய்விடும் என்று அவர் சொல்வார்.

கிணற்று மோட்டார் ஜாம் ஆகி நின்றுபோகிறது, கரண்ட் மட்டும் வந்துகொண்டிருக்கிறது. காயில் ஏன் கருகுகிறது? ஸ்டேட்டர், அதாவது அசையாத வெளிப்பாகம், சுழலும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. உள்ளே சுழலும் பாகமான ரோட்டர் ஓடும்போது அந்தப் புலத்தோடு ஏறக்குறையச் சேர்ந்தே சுற்றுகிறது. நின்றுவிட்டால் புலம் மட்டும் அதை வெட்டிக்கொண்டு போகும். காந்தப்பாயம் மாறும் வேகம் ஏறுகிறது, ரோட்டரில் தூண்டப்படும் மின்னோட்டம் ஏறுகிறது, அதற்கு ஈடாக ஸ்டேட்டர் காயிலும் லைனிலிருந்து கூடுதலாக இழுக்கிறது. 6 மடங்கு இழுக்கிறது என்று வைத்துக்கொள். வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்றபடி ஏறும், ஆக 36 மடங்கு. ஃபாரடே, லென்ஸ், ஜூல் மூன்று பேரும் அந்த ஒரு கருகிய காயிலுக்குள் இருக்கிறார்கள். ஸ்டாரில், அதாவது மூன்று பேஸ் காயில்களின் ஒரு முனையை ஒன்றாக முடிந்து, கட்டிய மோட்டாரில் ஒரு பேஸ் போயிருந்தால் இரண்டு பேஸ் காயில் கருகியிருக்கும், மூன்றாவது புதுசுபோல நிற்கும். பிரித்த மாத்திரத்தில் உன் அப்பா சொல்லிவிடுவார். மூன்றாவது ஏன் தப்பித்தது என்று நீ சொல், பார்க்கலாம்.

அவர் உனக்கு ஜேஇஇ கணக்குப் போட்டுத் தருவார் என்று நான் சொல்லவில்லை. சுழற்சி இயக்கத்தோடும் ஒளியியலோடும் நீதான் மல்லுக்கட்ட வேண்டும். விடையை மூடி வை, முதலில் படம் வரை, 15 நிமிஷம் முட்டிப்பார், அதற்கப்புறம் வீடியோவைத் திற. ஆனால் ராத்திரிக்கு ஒரு கணக்கை அப்பாவுக்குச் சொல்லியே ஆகவேண்டும். சூத்திரம் இல்லாமல், வீட்டில் பேசுகிற தமிழில். “அது ஏன் கண்ணு அப்படி?” என்று அவர் கேட்டு நீ திக்குகிற இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள். மறுநாள் நீ படிக்க வேண்டியது அதைத்தான். இந்த வழியில் படிப்பது பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கும் உதவும். நம் மாநில இன்ஜினியரிங் கலந்தாய்வில் 200க்கான கட்ஆஃபில் பிசிக்ஸுக்கு 50 உண்டு, அதைக் கோட்டை விடாதே.

மார்க் வந்தாலும் வராவிட்டாலும், உழைத்துக் களைத்து வந்து கேட்கிறவருக்குப் பதில் சொல்வது பிள்ளையின் கடமை. இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. காலம் மாறிவிட்டது என்று யாரும் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். உன் கோச்சிங் ஃபீஸும் அந்தப் பட்டறையிலிருந்துதானே வருகிறது? அப்பாவுக்கும் ஒரு வார்த்தை: அவள் கதவைச் சாத்தினால் தட்டுங்கள். பெண் படிக்கிறாள் என்று பயந்து நிற்காதீர்கள்.

இன்று ராத்திரிக்கு ஒரு கேள்வி தருகிறேன். ஓம் விதிப்படி வோல்டேஜ் குறைந்தால் கரண்ட்டும் குறையவேண்டும். அப்படியிருக்க லோ வோல்டேஜில் மோட்டார் ஏன் கருகுகிறது? அப்பாவிடம் கேள். அவர் சொல்வதை ஒரு தாளில் இடது பக்கம் எழுது, அதையே பிசிக்ஸாக வலது பக்கம் எழுது, எனக்கு அனுப்பு. இடையில் மாட்டிக்கொண்டால் ஒன்றை மட்டும் நினைத்துப் பார்: வோல்டேஜ்தான் குறைந்தது, கிணற்றின் ஆழம் குறையவில்லை.