வராதவர்களுக்குப் படிவத்தில் இடமில்லை

கேள்வி: எனக்கு 29 வயது. சொந்த ஊர் அருப்புக்கோட்டை. ஆறு வருடமாகப் பெங்களூரில் ஐ.டி. வேலை. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் நான் ஓட்டுப் போடவில்லை. லீவு கிடைக்காமல் இல்லை, வேண்டாம் என்று முடிவெடுத்துத்தான் போகவில்லை. எங்கள் தெரு வாறுகால் (சாக்கடை) நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அப்படியேதான் கிடக்கிறது. யார் வந்தாலும் ஒன்றுதான், இதில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று தோன்றியது. அப்பா எனக்கு பஸ் டிக்கெட் போட்டு வைத்திருந்தார். வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அன்றைக்குப் போனை அணைத்துவிட்டேன். அவர் என் பூத் சிலிப்பைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சாயங்காலம் ஆறு மணி வரை வாசலிலேயே நின்றாராம். அம்மா பிறகு சொன்னார். அதிலிருந்து அப்பா என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. டிவியில் செய்தி ஓடும்போது நான் ஏதாவது சொன்னால், "ஓட்டுப் போடாதவளுக்குப் பேச என்ன இருக்கு?" என்கிறார். ஓட்டுப் போடாமல் இருப்பது அவ்வளவு பெரிய தப்பா? அடுத்த முறையும் போடப்போவதில்லை என்றுதான் நினைக்கிறேன். அதை அவரிடம் எப்படிச் சொல்வது?
வாசகி, பெங்களூரு

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டப்படி தப்பில்லை. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 79ஆம் பிரிவில், தேர்தல் உரிமை என்றால் என்ன என்று விளக்குகிறது. வேட்பாளராக நிற்பதும் நிற்காமல் இருப்பதும், ஓட்டுப் போடுவதும் போடாமல் இருப்பதும் அந்த உரிமைக்குள்ளேயே வருகின்றன. ஆஸ்திரேலியாவில் போடாவிட்டால் அபராதம் உண்டு. நம் நாட்டில் அப்படி எதுவும் கிடையாது.

ஓட்டுப் போடாதவளுக்குப் பேச உரிமையில்லை என்று உங்கள் அப்பா சொல்வதையும் நான் ஏற்க மாட்டேன். ரேஷன் அரிசியில் புழு இருக்கிறது என்று சொல்ல வருபவரிடம் யாரும் விரலைக் காட்டச் சொல்வதில்லை. பதினேழு வயதுப் பிள்ளைக்கும் பஸ் கட்டணத்தைப் பற்றிப் பேச உரிமை உண்டு. தேர்தலன்று ஊருக்குப் போக வழியில்லாத கட்டடத் தொழிலாளிக்கும் உண்டு. நீங்கள் வரி கட்டுகிறீர்கள், இந்த நாட்டில் வாழ்கிறீர்கள், தாராளமாகப் பேசுங்கள்.

இவ்வளவும் உங்கள் பக்கம். ஆனால் உங்கள் முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஏன் என்று சொல்ல, நான் தேர்தல் வேலை பார்த்த நாட்களுக்குக் கொஞ்சம் போக வேண்டும்.

நான் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். ஒவ்வொரு தேர்தலுக்கும் பூத் பணிக்கு ஆர்டர் வந்துவிடும். முந்தின நாளே பெட்டியோடு போய், பள்ளிக்கூட பெஞ்சில் படுத்து எழுந்து, விடியற்காலையில் மாதிரி வாக்குப்பதிவு நடத்திக் காட்டி, குறித்த நேரத்துக்குக் கதவைத் திறக்க வேண்டும். 2009 நாடாளுமன்றத் தேர்தலில் நான் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர். மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார், மை வைத்துக்கொண்டார். அப்புறம் நிதானமாக, "மேடம், நான் ஓட்டுப் போட விரும்பலை. அதை எழுதிக்குங்க" என்றார்.

அந்தக் காலத்தில், யாருக்கும் ஓட்டில்லை என்று அழுத்தும் நோட்டா பொத்தான் கிடையாது. 49-ஓ என்ற விதி ஒன்றுதான் இருந்தது. 17-ஏ என்ற அந்த வாக்காளர் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே, இவர் வாக்களிக்க மறுத்தார் என்று குறித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். எனக்கு அதுதான் முதல் தடவை, கையேட்டைப் புரட்டித்தான் செய்தேன். இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கட்சி ஏஜென்டுகள் எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "இது எந்தத் தெரு?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. அந்த மனிதர் கை நடுங்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். யாருக்கும் தெரியாமல் மறுக்க அவருக்கு வழியே இல்லை. அன்று எனக்கு அவர்மேல் வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

மாலையில் கணக்கு முடிக்கும்போது 17-சி என்று ஒரு படிவம் நிரப்புவோம். மொத்த வாக்காளர் எத்தனை, பதிவேட்டில் ஏறியவர் எத்தனை, 49-ஓவில் மறுத்தவர் எத்தனை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. மறுத்தவர் என்ற இடத்தில் நான் 1 என்று எழுதினேன். அது சீல் வைத்துப் போயிற்று, ஏஜென்டுகளுக்கும் நகல் கொடுத்தோம்.

வராதவர்களுக்கு அந்தப் படிவத்தில் இடமில்லை. வாக்காளர் பட்டியலில் வந்தவர் பெயருக்குக் கோடு போட்டுக்கொண்டே வருவோம், வாக்குப்பதிவு முடியும்போது கோடு விழாத பெயர்கள் மிஞ்சும். செத்துப்போனவர், திருப்பூருக்குப் பிழைக்கப் போனவர், பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனவர், வெயிலில் யார் போவது என்று படுத்துத் தூங்கியவர், உங்களைப் போல மனம் வெறுத்து வராதவர் என்று எல்லாருமே அந்தத் தாளில் ஒரே மாதிரி வெறும் பெயர்கள்தான். உங்கள் பூத்தில் இருந்த ஆசிரியர் ஒருவருக்கும் அன்று உங்கள் பெயர் அப்படித்தான் தெரிந்திருக்கும். உங்கள் கோபம் அவருக்குத் தெரிய வழியில்லை. உங்கள் வீட்டு வாசலில் நின்ற அப்பாவுக்கும் தெரியவில்லை.

சரி, ஓட்டுப் போட்டிருந்தால் ஏதாவது மாறியிருக்குமா என்று கேட்பீர்கள். உங்கள் விருதுநகர் தொகுதியில் அந்த முறை வெற்றி வித்தியாசம் 4,379 வாக்குகள். ஓட்டுப் போடாதவர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல். உங்கள் ஒரு ஓட்டு அந்த முடிவை மாற்றியிருக்காது. 'ஒரு ஓட்டில் ஆட்சியே கவிழ்ந்தது' என்று 1999இல் வாஜ்பாய் அரசு விழுந்த கதையைச் சொல்லி உங்களை மிரட்டவும் மாட்டேன், அது நாடாளுமன்றத்துக்குள் நடந்த வாக்கெடுப்பு. ஆனால் அந்த நான்கு லட்சத்தில், யார் வந்தாலும் ஒன்றுதான் என்று நினைத்து உட்கார்ந்தவர்கள் 4,379 பேருக்கு மேல் இருந்திருக்க மாட்டார்களா? யார் ஜெயித்திருக்க வேண்டும் என்பது என் பேச்சில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியாக, தான் ஒருவர் ஒதுங்குவதால் ஒன்றுமில்லை என்று எடுக்கும் முடிவு சேர்ந்து எவ்வளவு பெரிதாகிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

ஒதுங்கி நிற்பதை மற்றவர்கள் தங்களுக்குத் தோதாகப் படித்துக்கொள்வார்கள். மத்திய சென்னையில் அந்தத் தேர்தலில் ஏறக்குறைய 54 சதவீதம்தான் பதிவானது, தர்மபுரியில் 81 சதவீதத்தைத் தாண்டியது. சென்னைக்காரர்களுக்குக் கோபம் அதிகம் என்று அதைப் படித்தவர் யாரையாவது பார்த்தீர்களா? படித்தவர்களுக்கு அக்கறையில்லை, லீவு கிடைத்தால் ஊட்டிக்குப் போய்விடுவார்கள் என்றுதான் பேசினார்கள்.

இதைவிட மனதை உறுத்தும் ஒரு தேர்தல் இலங்கையில் நடந்தது. 2005 நவம்பர் 17, அதிபர் தேர்தல். தமிழர்களுக்கு இந்தத் தேர்தலில் ஆர்வமில்லை என்று விடுதலைப் புலிகள் தரப்பிலிருந்து அறிவிப்பு வந்தது. வெளியே வரவிடாமல் மிரட்டியதும் நடந்தது, ஆகவே அங்கே போடாதவர்கள் எல்லாரும் விரும்பிப் போடாதவர்கள் இல்லை. யாழ்ப்பாணம் மாவட்டத்தில் ஏழு லட்சம் வாக்காளர்களில் போட்டவர்கள் 8,524 பேர், 1.21 சதவீதம். நாடு முழுவதுமாக மகிந்த ராஜபக்ச ரணில் விக்கிரமசிங்கவைவிட அதிகம் வாங்கியது 1,80,786 வாக்குகள். அடுத்த நான்கு வருடத்தில் அந்த மண்ணில் நடந்தது நமக்குத் தெரியும். அந்த ஓட்டுகள் விழுந்திருந்தால் எல்லாமே வேறாகியிருக்கும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வடக்கின் மௌனத்தை வைத்துக்கொண்டு தெற்கு தன் அதிபரைத் தேர்ந்தெடுத்தது. அந்த எண்களை நான் எப்போது பார்த்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

புறக்கணிப்பே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் 2024இல் ஏறக்குறைய ஊரோடு ஓட்டுப் போடாமல் இருந்தார்கள். அதிகாரிகள் வந்து பேசிப் பார்த்தும் அசையவில்லை. அதற்கு முன்பே பல நூறு நாட்களாக உட்கார்ந்து போராடிக்கொண்டிருந்த ஊர் அது. ஏன் போடவில்லை என்று யாரும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை, ஊரே சேர்ந்து சொல்லியிருந்தது. 1996இல் மொடக்குறிச்சி விவசாயிகள் இதற்கு நேர் எதிராகப் போனார்கள். சட்டமன்றத் தேர்தலில் ஒரே தொகுதியில் 1,033 பேர் வேட்பாளராக நின்று, ஓட்டுச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வைத்தார்கள். இரண்டு ஊரையும் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பெங்களூரில் ஒரு அறையில் போனை அணைத்து வைத்ததை இவற்றோடு சேர்க்க முடியுமா என்று நீங்களே யோசியுங்கள்.

இப்போது உங்களுக்கு நோட்டா இருக்கிறது. 2013 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு அதைக் கொண்டுவந்தது. எழுதிய அமர்வுக்குத் தலைமை தாங்கியவர் நம் ஈரோடு மாவட்டத்துக்காரரான தலைமை நீதிபதி ப.சதாசிவம். மறுப்பவருக்கும் ரகசியம் உண்டு என்பதுதான் அதன் அடிப்படை. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அந்த 49-ஓ மனிதர் ஞாபகம்தான் வந்தது, இனி அவர் தெருவை யாரும் விசாரிக்க மாட்டார்கள். நோட்டாவால் ஒருவரைத் தோற்கடிக்க முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2024இல் இந்தூரில் 2,18,674 பேர் நோட்டாவை அழுத்தினார்கள், இருந்தும் அங்கே நின்றவர் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆனால் அந்த இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரம் எழுத்தில் இருக்கிறது. 2014இல் நீலகிரியில் விழுந்த 46,559 நோட்டாவைப் பற்றி இன்றும் பேசுகிறோம். அங்கே அன்று வராமல் வீட்டில் இருந்தவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

வாறுகால் விஷயம். அது உங்கள் எம்.பி.யின் வேலை இல்லை, நகராட்சியின் வேலை. 2022 பிப்ரவரியில் நகராட்சித் தேர்தல் நடந்தபோது ஊருக்குப் போனீர்களா? போயிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். டெல்லிக்கு ஆளனுப்பும் ஓட்டைக் கவுன்சிலர்மேல் உள்ள கோபத்தில் விட்டுவிட்டீர்கள். ஆறு வருடமாக வெளியூரில் இருப்பவர்களுக்கு இது நடக்கக்கூடியதுதான்.

இனி அப்பா. அவர் கோபம் ஓட்டைப் பற்றியது மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. "நான் வரலைப்பா, எனக்கு இதில் நம்பிக்கை போயிடுச்சு" என்று வியாழக்கிழமையே சொல்லியிருந்தால் ஒரு மணிநேரம் சண்டை போட்டிருப்பார். அதோடு போயிருக்கும். வருகிறேன் என்று சொல்லி வாசலில் நிற்க வைத்தீர்கள். தெருவில் போகிற ஒவ்வொருவரும் "மகள் வரலையா?" என்று கேட்டிருப்பார்கள். அவர் என்ன பதில் சொல்லியிருப்பார்? அதற்கு ஒரு மன்னிப்பு பாக்கி இருக்கிறது. ஓட்டைப் பற்றிய பேச்சை அதோடு கலக்காமல், அதை மட்டும் தனியாகக் கேளுங்கள். போனில் வேண்டாம், நேரில்.

அப்புறம் ஒருநாள், அவர் முதன்முதலில் ஓட்டுப் போட்டது எப்போது, யார் கூட்டிப் போனார்கள் என்று கேளுங்கள். அவர் வயதுக்காரர்கள் 21 வயது வரை காத்திருந்து போட்டவர்கள், 18 என்று ஆனது 1989இல்தான். அவர் சொல்லி முடித்த பிறகு, உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள். யார் வந்தாலும் ஒன்றுதான் என்று நீங்கள் நினைக்கக் காரணமானவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். கேட்டபிறகும் அவர் ஒப்புக்கொள்ளாமல் இருக்கலாம். அடுத்த தேர்தலில் போடுவதும் போடாததும் கடைசியில் உங்கள் முடிவுதான், நோட்டாவை அழுத்தவாவது வரிசையில் நில்லுங்கள் என்பது என் வேண்டுகோள்.

ஒன்றே ஒன்று பாக்கி. நீங்கள் குடியிருப்பது பெங்களூரில் என்றால் ஓட்டும் அங்கேதான் இருக்க வேண்டும், படிவம் 8 கொடுத்து முகவரி மாற்றிக்கொள்ளலாம். அந்த ஊர்த் தண்ணீர்ப் பிரச்சினையும் டிராஃபிக்கும் இன்று உங்கள் பிரச்சினைகள்தானே. ஆனால் மாற்றுவதாக இருந்தால் முதலில் அப்பாவிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். ஊர்ப் பட்டியலில் உங்கள் பெயர் இல்லை என்பதை அவர் பூத் அலுவலர் வாயிலாகக் கேள்விப்பட வேண்டாம்.