கூடு கட்டாத சுண்டெலி

அன்புள்ள ஐயா,

மருந்தியலில் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. அடுத்த மாதத்திலிருந்து சுண்டெலிகளுக்கு வயிற்று அறுவை செய்ய வேண்டும். விலங்குச் சோதனை எந்த வடிவில் இருந்தாலும் பாவம், இந்தத் துறையையே விட்டு வந்துவிடு என்கிறாள் என் தோழி. என் நெறியாளரோ, “அறுவை முடிந்து ஒரு மணி நேரத்தில் எழுந்து நடக்கும், கத்தாது, பெரிய வலி ஒன்றும் இருக்காது. வலிநிவாரணி கொடுத்தால் தரவு கெட்டுவிடும்” என்கிறார். இருவர் சொல்வதும் எனக்குச் சமாதானமாக இல்லை. கறி சாப்பிடும் நான் எலிக்காக வருந்துவது போலித்தனமா? அழகுப்பொருளுக்குச் செய்யும் சோதனையும் மருந்துக்குச் செய்யும் சோதனையும் ஒன்றா? எல்லாவற்றையும் கணினியில் செய்துவிட முடியாதா? கடைசியாக, மனசாட்சியோடு இந்த வேலையில் நான் நீடிக்கலாமா?

ம.

*

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தில் ஒரு சொல் என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. ‘கத்தாது.’ கொஞ்ச நாளாகவே அந்தச் சொல்லைச் சுற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன்.

தட்டில் இருப்பதைப் பற்றி முடிவெடுத்த பிறகுதான் கூண்டில் இருப்பதைப் பார்க்கலாம் என்று விதி ஏதும் இல்லை. வருத்தம் எங்கே வந்ததோ அங்கிருந்து தொடங்குங்கள். அழகுப்பொருள் விஷயத்தில் விவாதிக்க மிச்சம் எதுவும் இல்லை. விலங்கில் சோதித்த அழகுப்பொருட்களின் விற்பனையை ஐரோப்பிய ஒன்றியம் 2013-லேயே முழுவதுமாகத் தடுத்துவிட்டது, கடைகள் காலியாகவில்லை. கணினியும் திசு வளர்ப்பும் சில சோதனைகளை ஒழித்திருக்கின்றன, இன்னும் பலவற்றை ஒழிக்கும். ஆனால் முழு உடம்பும் சேர்ந்து இயங்கும் இடங்களில், கர்ப்பத்திலோ நோயெதிர்ப்பிலோ, இன்று அவை போதாது. இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு கூட்டத்தில் பாதி விலங்குகள் சாகும் அளவைக் கண்டுபிடிக்கும் நச்சுச் சோதனை 1927-ல் வந்தது. அதன் பழைய வடிவம் சர்வதேச வழிகாட்டு நெறிகளிலிருந்து நீக்கப்பட்டது 2002-ல். மாற்று வழி தெரிந்த பின்னும் பழைய வழியை விட மனம் வராதவர்கள் நாம்.

இனி ‘கத்தாது’.

தமிழில் ‘வாயில்லா ஜீவன்’ என்கிறோம். இரக்கத்தோடு சொல்லும் சொல்தான். ஆனால் அதற்குள் ஒரு தவறு உட்கார்ந்திருக்கிறது. வாய் இல்லை என்று சொல்லிவிட்டால் கேட்க வேண்டிய பொறுப்பும் நம்மிடமிருந்து போய்விடுகிறது. சுண்டெலி எழுப்பும் ஒலிகளில் பெரும்பகுதி 20 கிலோஹெர்ட்சுக்கு மேல். மனிதக் காதின் எல்லை அங்கே முடிகிறது. அதோடு அது இரையாகும் உயிர். நொண்டுவதையும் முனகுவதையும் வெளிக்காட்டும் சுண்டெலியைத்தான் பூனையும் ஆந்தையும் முதலில் எடுக்கும். எதிரியின் முன்னால் வலியை மறைக்கும் உடம்புதான் தலைமுறை தலைமுறையாகத் தப்பி வந்திருக்கிறது. கூண்டுக்கு முன்னால் வந்து நிற்கும் நீங்கள் அதற்கு எதிரி. 2014-ல் வெளியான ஓர் ஆய்வு இதை அளந்தே காட்டியது: அறையில் ஆண் ஆய்வாளர் இருந்தாலோ, ஆண் அணிந்த சட்டையை வெறுமனே வைத்திருந்தாலோ, எலிகளும் சுண்டெலிகளும் காட்டும் வலிக்குறிகள் குறைந்தன. அச்சம் வலியை அமுக்கியது. எட்டிப் பார்த்துவிட்டு “நன்றாக இருக்கிறது” என்று பதிவேட்டில் எழுதுபவர் தன் வாசனையின் விளைவைத்தான் எழுதுகிறார்.

இன்னும் கொடுமையான ஒன்று உண்டு. சோதனைக்கு எந்த விலங்கைத் தேர்ந்தெடுத்தோம்? கண்ணில் ரசாயனத்தை ஊற்றிப் பார்க்கும் டிரெய்ஸ் சோதனை 1944-ல் வகுக்கப்பட்டபோது முயல் அதற்கு வாகாக இருந்தது. பெரிய கண், சாது, பிடித்துவைப்பது எளிது. நாய்களில் பீகிள் வந்ததற்கும் காரணம் அதன் பொறுமை. கடிக்காது, திரும்பவும் வாலாட்டிக்கொண்டு வரும். எதிர்க்காத உயிர்களாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்துவிட்டு, அவை எதிர்க்காததையே வலி இல்லை என்பதற்குச் சாட்சியாக நிறுத்துகிறோம். இதை நினைத்தால் எனக்கு ஆறுவதே இல்லை.

விலங்கு என்பதால் இப்படி ஏமாந்தோம் என்று நினைத்துவிடாதீர்கள். மனிதக் குழந்தைக்கும் இதையே செய்தோம். 1980-கள் வரை பல மருத்துவமனைகளில் பச்சிளம் குழந்தைகளுக்குப் போதிய வலிநிவாரணி இல்லாமல் அறுவை நடந்தது. நரம்பு முதிரவில்லை, அழுவது வெறும் அனிச்சை, மருந்து கொடுத்தால்தான் ஆபத்து என்றார்கள். குறைமாதக் குழந்தைகளின் இதய அறுவையில் மருத்துவர் கே. ஜே. எஸ். ஆனந்தும் சகாக்களும் செய்த ஒப்பீடு 1987-ல் வெளியானது. இரு குழுக்களுக்கும் நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயுவும் தசையை அசையவிடாத மருந்தும் தரப்பட்டன. ஒரு குழுவுக்கு மட்டும் கூடவே ஃபென்டனில் என்ற வலிநிவாரணி. ஃபென்டனில் பெற்ற குழந்தைகளின் உடலில் அதிர்ச்சி ஹார்மோன்கள் குறைவாக ஏறின, அறுவைக்குப் பின் சிக்கல்களும் குறைந்தன. அசையாமல் கிடந்த குழந்தைகளின் வலியை ரத்தம் சொன்னது.

உங்கள் நெறியாளர் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். ஏழு மாதத்தில் ஒரே ஓர் இரவு, விளக்கணைந்த பிறகு, விலங்கு அறையில் சிவப்பு விளக்கோடு உட்கார்ந்து பார்த்தீர்களா? சுண்டெலி இரவில் நடமாடும் உயிர். பகலில் அது தூங்கும் நேரத்தில் போய்ப் பார்த்து, அமைதியாக இருக்கிறது என்று எழுதுவது பார்வையாகாது.

வலி முகத்தில் தெரியும். சுண்டெலிக்கான முகச்சுளிப்பு அளவுகோல் 2010-லிருந்து இருக்கிறது. ஐந்து இடங்களைப் பாருங்கள்: கண் இடுங்குவது, மூக்குத்தண்டு புடைப்பது, கன்னம் புடைப்பது, காது பின்னுக்கு மடங்கி விலகுவது, மீசை முன்னுக்கோ பின்னுக்கோ விறைத்து நிற்பது. ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண். தூங்கும்போதும் உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும்போதும் மதிப்பெண் போடக் கூடாது; அப்போதும் கண் மூடித்தான் இருக்கும். கறுப்புச் சுண்டெலியைக் கறுப்புப் பின்னணியில் படம் எடுத்தால் கன்னம் தெரியவே தெரியாது. பெரிய எலிக்கு இந்த அட்டவணையை அப்படியே வைத்துவிடாதீர்கள். அதற்கு வலியில் மூக்கும் கன்னமும் புடைக்காது, தட்டையாகும். அறுவைக்கு முதல் நாளே அதே சுண்டெலிக்கு ஒரு மதிப்பெண் போட்டு வையுங்கள். அது இல்லாமல் பிறகு போடும் எண்ணை எதோடு ஒப்பிடுவீர்கள்?

முகத்தைவிட நான் நம்புவது கூட்டை. ஆரோக்கியமான சுண்டெலிக்குக் கூடு கட்டாமல் இருக்க முடியாது. ஆய்வகங்களின் வெப்பநிலை வழக்கமாக 20 முதல் 24 டிகிரி. சுண்டெலிக்கு இதமானது 30-ஐ ஒட்டி. கூடுதான் அதன் போர்வை. 8 முதல் 10 கிராம் காகித இழை கொடுத்தால் குவிந்து மூடிய கூடாகக் கட்டும். ஏற்கெனவே கூடு இருக்கும் கூண்டில் புதிதாக ஒரு துண்டு பஞ்சை எதிர்மூலையில் போட்டுவிட்டு விலகி நில்லுங்கள். வலியில்லாத சுண்டெலி பத்து நிமிடத்துக்குள் அதை இழுத்துக்கொண்டு போய்க் கூட்டில் சேர்த்துவிடும். வயிற்றைக் கிழித்துத் தைத்த சுண்டெலி உங்கள் நெறியாளர் சொன்னபடி எழுந்து நடக்கும், ஒரு வாய் தின்னவும் செய்யும். பஞ்சு கிடந்த இடத்திலேயே கிடக்கும். நடப்பதும் தின்பதும் உயிரோடு இருக்கத் தேவை. உயிர் பிழைக்கும் வேலைக்கு மேல் அதற்கு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்பதைக் கூடுதான் சொல்லும்.

மருந்துக்கு வருகிறேன். அறுவைக்குக் கொடுக்கும் மயக்க வாயுவான ஐசோஃப்ளூரேன் உணர்விழக்கச் செய்யுமே தவிர வலியைக் குறைக்கும் தன்மை அதற்கு அநேகமாக இல்லை. குழாயை எடுத்த சில நிமிடங்களில் சுண்டெலி விழித்துவிடும். முழு வலியோடு விழிக்கும். ஆகவே வலிநிவாரணி கத்தி படுவதற்கு முன்பே உள்ளே போயிருக்க வேண்டும். புப்ரினார்ஃபின் என்ற வலிநிவாரணியைக் கிலோ எடைக்கு 0.1 மில்லிகிராம் என்று வைத்தால், 25 கிராம் சுண்டெலிக்கு 2.5 மைக்ரோகிராம். குப்பியில் மில்லிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் இருந்தால் நீங்கள் எடுக்க வேண்டியது 0.008 மில்லிலிட்டர். ஒரு மில்லிலிட்டர் சிரிஞ்சின் மிகச் சிறிய கோடே 0.01. அப்படியே எடுத்தால் ஒரு சுண்டெலிக்கு இரட்டிப்பாகப் போகும், அடுத்ததற்கு ஒன்றுமே போகாது. 0.5 மில்லிலிட்டர் மருந்தை 9.5 மில்லிலிட்டர் கிருமி நீக்கிய உப்புநீரில் கலந்தால் போட வேண்டியது 0.17 மில்லிலிட்டர், கையில் அளக்கக்கூடிய அளவு. குப்பியில் செறிவையும் தேதியையும் எழுதி ஒட்டுங்கள். பத்து மடங்குத் தவறுகள் பெரும்பாலும் எழுதி ஒட்டாத குப்பியிலிருந்து வருபவை.

அழற்சியைத் தணிக்கும் வலிநிவாரணியான மெலாக்சிகாம் சுண்டெலிக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம், தோலுக்கடியில், நாளுக்கு ஒருமுறை. மனிதருக்குக் கிலோவுக்கு 0.3-ஐத் தாண்டுவது அரிது என்பதால், இந்த எண்ணைப் பார்த்து மிரண்டு குறைப்பவர்கள் உண்டு. சின்ன உடம்பு மருந்தை வேகமாக எரித்துவிடும். குறைத்துக் கொடுத்தால் கொடுத்ததாகக் கணக்கு இருக்கும், வலி அப்படியே இருக்கும். நீர் வற்றிய உடம்பில் இந்த மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால், வெதுவெதுப்பான உப்புநீர் அரை மில்லிலிட்டர் கூடவே போகட்டும். எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் நிறுவனத்தின் கால்நடை மருத்துவரிடம் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். உணவை நனைத்துக் கூண்டின் தரையில் வையுங்கள். மேலே எம்பித் தின்னும்போது தையல் இழுபடும்.

இப்போது கணக்குப் போடுங்கள். சாதாரண புப்ரினார்ஃபினைச் சுண்டெலியில் நாலிலிருந்து எட்டு மணி நேரத்துக்கு மேல் நம்ப முடியாது. மாலை நாலு மணிக்கு ஊசி போட்டு அறுத்தால் நள்ளிரவில் மருந்து தீர்ந்திருக்கும். நீங்கள் மறுபடி வருவது காலை ஒன்பதுக்கு. நடுவே ஒன்பது மணி நேரம், அதுவும் அது விழித்து நடமாடும் நேரம். உங்கள் தோழியும் நெறியாளரும் சண்டை போடும் பெரிய கேள்வியில் இந்த ஒன்பது மணி நேரம் எங்கேயாவது வருகிறதா? ‘சோதனை பாவமா’ என்பதை ஆயுள் முழுக்கப் பேசலாம். அந்த இரவு ஒன்றுதான். அது முடிந்த பிறகு யாரும் திருப்பித் தர முடியாது. அறுவையைக் காலையில் வையுங்கள். மூன்று நாள் வரை நிற்கும், மெதுவாகக் கரையும் வடிவம் கிடைக்குமானால் அதை வாங்கச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் இரவில் ஆள் வர வேண்டும்.

தரவு கெட்டுவிடும் என்கிறார்கள். வலி தரவைக் கெடுக்காதா? தீராத வலியில் அதிர்ச்சி ஹார்மோனான கார்டிகோஸ்டீரோன் ஏறுகிறது, இரை குறைகிறது, தூக்கம் உடைகிறது, நோயெதிர்ப்பு மாறுகிறது. அதுவும் ஒவ்வொரு சுண்டெலியிலும் ஒவ்வொரு விதமாக. எல்லாச் சுண்டெலிகளுக்கும் ஒரே அளவில் போன மருந்தை ஆய்வுக் கட்டுரையில் எழுதலாம், அடுத்தவர் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார். வலியை யார் எழுதி வைத்தார்கள்? உண்மையிலேயே மருந்து ஆய்வுப் பாதையில் குறுக்கிடும் இடங்கள் உண்டு. அழற்சியை ஆராய்கிறீர்கள் என்றால் மெலாக்சிகாம் அழற்சியைத் தூண்டும் ப்ராஸ்டாகிளாண்டினைத் தடுத்துக் குழப்பும், புப்ரினார்ஃபினைத் தேர்ந்தெடுங்கள். குடலின் அசைவை ஆராய்கிறீர்கள் என்றால் புப்ரினார்ஃபின் அதை மந்தமாக்கும், மெலாக்சிகாமும் வெட்டும் இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் புபிவகெய்னும் போதுமா பாருங்கள். ஒப்பீட்டுக் குழுவுக்கும் அதே மருந்து, அதே நேரம். இந்த வேலையைச் செய்து பார்த்துவிட்டு, எந்த மருந்தும் ஒத்துவரவில்லை என்று தரவோடு சொல்பவரிடம் நான் உட்கார்ந்து பேசுவேன். செய்து பார்க்காமல் சொல்வது சோம்பல். அதன் செலவைச் சுண்டெலி தலையில் கட்டுகிறோம்.

எண்ணிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. எதிர்பார்க்கும் விளைவின் அளவு தெரியாதபோது, மொத்த விலங்குகளிலிருந்து குழுக்களின் எண்ணிக்கையைக் கழித்தால் 10-க்கும் 20-க்கும் நடுவே வர வேண்டும் என்றொரு எளிய கணக்கு உண்டு. நாலு குழு, குழுவுக்கு ஐந்து என்றால் 16, சரி. குழுவுக்குப் பத்து என்றால் 36, வீண். குழுவுக்கு மூன்று என்றால் 8; அதுவும் வீண்தான், பதில் கிடைக்காத சோதனையில் பன்னிரண்டும் சும்மா செத்தவை. குறைத்துவிட்டேன் என்று பெருமைப்படுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

நீடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் போய்விட்டால் உங்கள் கை சுத்தமாகும். கூண்டு அங்கேயே இருக்கும், சிரிஞ்சு வேறொருவர் கைக்குப் போகும். அதனால் இருந்துதான் ஆக வேண்டும் என்றும் சொல்லமாட்டேன். இதையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு நெறியாளரிடம் போங்கள். சண்டைக்குப் போகாதீர்கள், திட்டத்தோடு போங்கள். அவருக்கும் யாரும் இதைச் சொல்லித் தராமல் இருந்திருக்கலாம். மறுத்தால் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள். அவர்களும் மறுத்தால் அங்கே உங்களுக்கு வேலை இல்லை, வெளியே வாருங்கள்.

ஒப்புக்கொண்டால், முதல் அறுவைக்கு முன்பே இரண்டு விஷயங்களை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஒன்று, எந்த எடையில் சோதனையை நிறுத்துவது: 25 கிராம் சுண்டெலி 20 கிராமுக்கு இறங்கினால் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது, அதற்கு மேல் காத்திருக்கக் கூடாது. அந்த நேரத்தில் முடிவெடுக்கலாம் என்று விட்டால் இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்றுதான் தோன்றும். இரண்டாவது, மூன்று நாளைக்கான மருந்து அட்டவணை. காலை எட்டு, மதியம் இரண்டு, இரவு எட்டு, அதிகாலை இரண்டு. அதிகாலை இரண்டு மணிக் கட்டங்கள் மூன்றிலும் யார் பெயர் என்பதை முதலில் நிரப்புங்கள்.