போன இடத்துக்கே போங்கள்

அன்புள்ள ஐயா,

ஒன்றரை வருடமாகச் சனி, ஞாயிறுகளில் குடும்பத்தோடு காடு, மலை, அருவி என்று கிளம்பிவிடுகிறோம். ஒருமுறை போன இடத்துக்கு மறுமுறை போவதில்லை என்பது எங்கள் விதி. பருவங்கள் மாறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஆனால் வெயில், மழை இரண்டையும் தவிர வேறெதுவும் பிடிபடவில்லை. வெப்பமண்டலத்தில் பருவங்களே கிடையாதோ என்றுகூடத் தோன்றுகிறது. மரம், பறவைகளின் பெயர் தெரியாததுதான் குறையா? நல்ல கேமரா வாங்கலாமா? பத்து வயது மகள் இப்போதெல்லாம் காரைவிட்டு இறங்கவே மறுக்கிறாள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கேமரா உங்கள் விருப்பம். பெயர்கள் மெல்ல மெல்லத் தாமாக வந்து சேரும். இரண்டையும் விட்டுவிடுவோம். பெருமையோடு நீங்கள் எழுதியிருக்கும் அந்த விதி இருக்கிறதே, அதைப் பற்றித்தான் சில மாதங்களாக நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கோபமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் ஒரு மலை. அங்கே மரங்கள் மொட்டையாக நிற்கின்றன. அடுத்த வாரம் ஓர் அருவி. அங்கே எல்லாம் தளிர்த்திருக்கிறது. மாறியது பருவமா, இடமா? உங்களால் சொல்லவே முடியாது. வாரம் ஒரு வீட்டுக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, குழந்தைகள் வளர்வதே இல்லை என்று குறைப்படுவதைப் போல இருக்கிறது நீங்கள் சொல்வது. ஒன்றரை வருடத்தில் நீங்கள் சேர்த்தது இடங்களின் பட்டியலை. அதில் காலம் எங்கே இருக்கிறது?

மரம்கூட வேண்டாம். வெட்டவெளியில் ஒரே இடத்தில் நின்று, சூரியன் மறையும் புள்ளியை ஏதாவது ஒரு மரத்தை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். மார்ச், செப்டம்பர் மாதங்களின் பின்பாதியில், ஒரு சனிக்கிழமைக்கும் அடுத்த சனிக்கிழமைக்கும் இடையே அந்தப் புள்ளி சூரியனின் அகலத்தைப் போல் ஐந்து மடங்கு தள்ளிப்போயிருக்கும். கையை நீட்டி இரண்டு விரல்களைச் சேர்த்துப் பிடித்தால் ஏறக்குறைய அந்த இடைவெளி மறைந்துவிடும். ஜூன், டிசம்பர் மாதங்களின் கடைசி வாரங்களிலோ நகர்வதே தெரியாது. பூமியின் அச்சு 23.5 டிகிரி சாய்ந்திருக்கிறது என்று பரீட்சைக்குப் படித்தோமே, அந்தச் சாய்வைத்தான் பார்க்கிறீர்கள். ஆனால் அடுத்த வாரமும் நீங்கள் அதே இடத்தில் நிற்க வேண்டும்.

என் பெரியப்பா ஞாயிறுதோறும் என்னை ஏரிக்கரை அரசமரத்துக்கு அழைத்துப்போவார். வேறெங்கும் போகமாட்டார். எனக்கு எரிச்சலாக இருக்கும். அவர் எதையும் விளக்கவும் மாட்டார். கைக்கு எட்டும் ஒரு கிளையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "போன வாரம் எப்படிடா இருந்தது?" என்பார். அவ்வளவுதான். பதில் சொல்வதற்காகவே நான் பார்க்கத் தொடங்கினேன். இலை விழுந்த இடத்தில் வடு. கிளை நுனியில் உறை மூடிய கூரான மொட்டு. உறை கழன்றதும் வருகிற தளிர் செம்பு நிறத்தில், நிமிரத் தெம்பில்லாமல் தொங்கும். வெளிச்சத்தில் பிடித்தால் பின்னால் இருக்கும் விரல் நிழலாடும். பச்சையம் முழுதாகச் சேரும்வரை செந்நிறமிதான் கண்ணுக்குத் தெரியும். அடுத்தடுத்த வாரங்களில் இலை பச்சையாகி விறைக்கும். அதன் பிறகுதான் சத்தம் வரும். தளிர் காற்றில் ஆடினாலும் ஓசையே எழாது, முற்றிய அரசிலைதான் சலசலக்கும். கண்ணை மூடிக்கொண்டு மரத்தடியில் நின்றாலே இது எந்தக் காலம் என்று பெரியப்பா சொல்லிவிடுவார்.

வெப்பமண்டலத்தில் பருவம் இல்லை என்பதெல்லாம் சோம்பேறிப் பேச்சு. குளிர்நாட்டு மரம் குளிருக்கு இலை உதிர்க்கிறது. இங்கே பல மரங்கள் வறட்சிக்கு உதிர்க்கின்றன. அவற்றில் சில, மழைக்குக் காத்திராமல் கடும் வெயிலிலேயே தளிர்விடுவதையும் பார்க்கலாம். பருவமல்லாத மழையைக் கார்காலம் என்று நம்பிப் பூத்துவிட்ட கொன்றையை, மடமரம் என்று ஒரு சங்கப்பாடலில் தோழி ஏசுகிறாள். அவளுக்கு எந்த மரம் எப்போது பூக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது. நமக்குத் தெரியாததால் பருவமே இல்லை என்கிறோம்.

1736இல் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார், தன் நிலத்தில் எந்த மரம் எப்போது துளிர்த்தது, தகைவிலான் பறவை எப்போது வந்தது, தவளை எப்போது கத்தியது என்று குறிக்கத் தொடங்கினார். 1797இல் அவர் இறந்த பிறகும் அந்தக் குடும்பம் வழிவழியாகக் குறிப்பைத் தொடர்ந்தது, 1958 வரை. காலநிலை மாற்றத்தை ஆராய்பவர்கள் இன்று அதைத் தேடிப் படிக்கிறார்கள். மார்ஷம் குடும்பம் புதிய இடம் தேடி அலைந்திருந்தால் அந்த ஏட்டுக்கு என்ன மதிப்பு?

மகளைக் கடிந்துகொள்ளாதீர்கள். அவள்மேல் எனக்குப் பிரியமாக இருக்கிறது. வாரம் ஒரு புது இடத்தில் இறக்கிவிட்டு "பார், பார்" என்றால் எந்தக் குழந்தை இறங்கும்? நடந்துபோகும் தூரத்தில் ஒரு மரத்தை அவளே தேர்ந்தெடுக்கட்டும். ஒரு கிளையில் தளர்வாக நூல் கட்டச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை தேதி போட்டு ஒரு வரி எழுதட்டும். என்ன எழுதுவது என்று நீங்கள் சொல்லித்தராதீர்கள். போன வாரம் எப்படி இருந்தது என்று மட்டும் கேளுங்கள்.

இலை உதிரும்போது அவள் என்ன எழுதினாள் என்று எனக்கு அனுப்புங்கள். புதிய அருவியின் படங்களை அனுப்ப வேண்டாம்.