முகத்தில் மட்டும் வியர்க்கிறது என்றால் முதலில் சிறுநீர்க்குழாயைப் பாருங்கள்

வணக்கம் ஐயா. மார்புத் தண்டுவடத்தின் 4-ஆம் மட்டத்தில் காயமுற்ற உங்கள் தம்பிக்கு முகத்திலும் கழுத்திலும் மட்டும் வியர்வை கொட்டுகிறது, தலை வெடிப்பதுபோல் வலிக்கிறது, கால்களோ சில்லிட்டு உலர்ந்திருக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து இதை வெக்கை என்று எண்ணி மின்விசிறியைக் கூட்டிவைத்துவிட்டு இருந்துவிடாதீர்கள்.

6-ஆம் மார்பு மட்டத்திலோ, உங்கள் தம்பியைப்போல் அதற்கு மேலோ காயம்பட்டவர்களுக்கு, காயத்துக்குக் கீழே ஏதேனும் உறுத்தினால், அங்குள்ள பரிவு நரம்புகள் (நம் விருப்பமின்றித் தானாக இயங்கும் நரம்புகள்) மூளையின் கட்டுப்பாடின்றிக் கிளர்ந்து இரத்தக் குழாய்களை இறுக்கி, இரத்த அழுத்தத்தை விறுவிறுவென ஏற்றிவிடும். அதைத் தணிக்க மூளை அனுப்பும் கட்டளை காயத்தைத் தாண்டி இறங்காது; ஆகவே கீழே உடல் சில்லிட்டிருக்க, மேலே முகம் சிவந்து வியர்க்கும்.

பெரும்பாலும் காரணம் சிறுநீர்ப்பைதான். இதேபோல் காயமுற்ற என் அண்ணனுக்கு ஒருமுறை நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தபோது, தொடைக்கும் நாற்காலிக்கும் நடுவே, சிறுநீரை வெளியேற்றப் பொருத்திய குழாய் மடங்கிக் கிடந்தது. நிமிர்த்திவிட்டதும் வெளியே சிறுநீர் சேரும் பை மளமளவென நிறைந்தது, வியர்வையும் நின்றது.

உடனே தம்பியை நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடைகளைத் தளர்த்தி, குழாய், மலச்சிக்கல், படுக்கைப்புண், சதைக்குள் வளர்ந்த கால்நகம் என ஒவ்வொன்றாகப் பாருங்கள். இவர்களுக்கு இரத்த அழுத்தத்தின் மேல் அளவு வழக்கமாகவே 90 முதல் 110 வரைதான் இருக்கும் என்பதால், 140 என்பதும் அபாயமே. காரணம் புலப்படாமலோ அழுத்தம் இறங்காமலோ இருந்தால் தாமதமின்றி அவசர சிகிச்சைக்குக் கொண்டுசென்று, காயத்தின் மட்டத்தை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.