இரும்புக்கை மாயாவியைப் பழைய காமிக்ஸ் பாணியில் வரைவது எப்படி?

மின்சாரம் பாய்ந்ததும் காமிக்ஸ் தொடரின் நாயகனான மாயாவியின் உடல் மறைந்து எஃகுக் கை மட்டுமே தெரியும் என்பதால், அந்தக் கைதான் ஓவியத்தின் உயிர். 1962-இல் பிரிட்டனின் வேலியண்ட் வார இதழில் தொடங்கிய இத்தொடரை ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ கறுப்பு வெள்ளையில் வரைந்தார். ஆகவே வண்ணத்தை நாடாமல், ஒளி விழும் இடத்தைத் தாளின் வெண்மையாகவே விட்டு, அதை ஒட்டியே அடர் கறுப்பை வைத்தால் உலோகம் மின்னும். விரல்களின் வளைவே அங்கு முகபாவம் என்பதால், கணுக்களுக்குப் பென்சிலில் நிறைய நேரம் கொடுங்கள். சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ் வழியாக மாயாவியை அறிந்த நான், அந்தரத்தில் மிதக்கும் அக்கையைப் பள்ளி நோட்டின் கடைசிப் பக்கங்களில் வரைந்து பழகியவன். அது ஒரு கதவுப்பிடியைப் பற்றியிருப்பதாக வரைந்தபோதுதான், காணாத உடலின் எடை முதன்முதலாக அதில் தெரிந்தது.